பூனைகளுக்கு விசில் ஊதியவர்

நான் கல்யாணமாகி மறைமலை நகருக்கு வந்தபோது எங்கள் தெருவில் ஆள் குடியிருந்த வீடுகளைவிடப் பாதி கட்டி நின்ற வீடுகள்தான் அதிகம். எண்பதுகளின் தொடக்கம் அது. நூல் பிடித்தாற்போல் நேரான தெருக்கள், முனைக்கு முனை எண் எழுதிய கற்கள், நடுவில் முள்ளும் கோரையுமாகக் காலி மனைகள். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் லாரிச் சத்தமும் ரயில் சத்தமும் சமையலறைக்குள் வந்து கேட்கும். என் கணவர் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் வேலை. ஓ.டி. இருந்தால் அதையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். நாங்கள் இருவருமே தூத்துக்குடிக்காரர்கள். பேச ஆள் இல்லாத ஊரில், கடல் இல்லாத ஊரில், நான் பகல் முழுக்கத் தனியாக இருந்தேன்.

எங்களை முதலில் தேடி வந்தது எலிகள்தான். நேற்றுவரை வயலாக இருந்த இடமல்லவா, அவற்றுக்கு நாங்கள்தான் புதிதாக வந்து புகுந்தவர்கள். சோப்பைக் கடித்தன. அரிசி மூட்டையைக் கிழித்தன. அம்மா எனக்குக் கொடுத்தனுப்பிய ஜெபப் புத்தகத்தின் ஓரத்தைச் சுற்றிலும் பூவேலை செய்தாற்போல் கொறித்து வைத்தன. பொறி வாங்கி வைத்தோம். அதில் தேங்காய்ச் சில் மட்டும் தினமும் காணாமல் போனது.

பூனைகள் பிறகு வந்தன. ஒருநாள் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் பக்கம் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. ஒரு காதின் நுனி இல்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. நான் கதவைத் திறந்ததும் கோரைக்குள் போய்விட்டது. கருவாட்டுத் தலைகளைச் சோற்றில் பிசைந்து ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து வந்து, நின்று நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்துத் தின்றது. அதன் பின்னால் மஞ்சள் கடுவன் ஒன்று, அதற்கும் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாக இன்னும் இரண்டு. கல்யாணத்துக்குப் பின் என் கைச்சோற்றை இத்தனை அக்கறையாகத் தின்ற முதல் விருந்தாளிகள் அவைதாம்.

அந்தப் பூனைகளின் கதையை எனக்குச் சொன்னது பால்கார அக்கா. எருமைப் பாலைத் தூக்கில் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றுகிறவர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். ஒருநாள் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் சாம்பல் பூனையைப் பார்த்துவிட்டுத் தூக்கைக் கீழே வைத்தார்.

"யம்மா, இது எங்க வூட்டுப் பூனை. தோ, கல்லு கொட்டிக் கீது பாரு, அங்கதான் எங்க வூடு இருந்துச்சு. காலி பண்ணிகினு போறப்ப இத்தையும் இது ஆத்தாளையும் கோணில போட்டு எடுத்துகினு போனோம். கொஞ்ச நாளு இருந்துச்சுங்க. அப்பால பார்த்தா இங்க வந்து குந்திகினு கீது. நாங்க போய்ட்டோம். அதுங்க போகல."

அந்த அக்காவின் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. புதிய நகரத்துக்காக நிலம் கொடுத்தவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. கொடுத்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டுவிட்டார்கள், மகன்களில் ஒருவர் தொழிற்சாலைக்கும் போய்க்கொண்டிருந்தார். பூனை மட்டும் பழைய வீட்டு வாசலையே பிடித்துக்கொண்டு, வீடு இல்லாமல் போனபின் கற்குவியலுக்குள் குடியிருந்து, மனிதர்களை மறந்து காட்டுப் பூனையாகிவிட்டது. அக்கா கூப்பிட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பால் ஊற்றும்போது ஒரு வாய்ப் பால் கூடுதலாக ஊற்றி, "இது அதுங்களுக்கு" என்பார்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. எலித் தொல்லை நின்றது. சைதாப்பேட்டைவரை போய் யாரும் மீன் வாங்கிவர வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து ஒரு மீன்காரர் சைக்கிளில் வருவார். கடல் மீன் இல்லாத நாளில் ஏரிக் கெளுத்தி இருக்கும். ஆய்ந்தெடுத்த தலையும் குடலும் பூனைகளுக்கு. சாம்பல் பூனை தன் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் நான் வாசலில் நிற்கும்வரை வாய் வைக்காது.

எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் ஒரு வீடு கட்டி முடிந்தது. இரண்டு வீட்டின் முதுகும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். நடுவே வெறும் கம்பி வேலி. அங்கே குடிவந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிப் பக்கத்துச் சைவக் குடும்பம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. வேலையில் இருந்தபோதே மனை வாங்கிப் போட்டிருக்கிறார். மனைவியோடு நிம்மதியாக இருக்கலாம் என்று கட்டத் தொடங்கி, தளம் போடும் சமயத்தில் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. ஒரே மகள் திருச்சியில். குளிப்பாட்டுவது, தலை வாருவது, ஊட்டுவது எல்லாம் அவரே செய்தார். குடி வந்து பல வாரம் ஆகியும் நான் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை. அவர் கொடியில் புடவை உலர்த்துவதை மட்டும் பார்ப்பேன். ஓரங்களைச் சேர்த்து நீவி, ஒரு மடிப்பில்லாமல் உலர்த்துவார்.

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது புகார் சொல்லத்தான். மஞ்சள் கடுவன் ஜன்னல் வழியாக நுழைந்து பாலைக் கவிழ்த்து, நோயாளியின் கட்டில்மேல் ஏறி ஓடியிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரியாதையாகவே சொன்னார். சண்டை போட வரவில்லை, ஆனால் படுத்த படுக்கையாக ஒருத்தி இருக்கும் வீடு, பூனை முடியும் மீன் நாற்றமும் ஆகாது, சோறு வைப்பதென்றால் வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அவுக சொல்லுததும் நியாயந்தானளா" என்றார். நியாயந்தான். மறுநாளிலிருந்து கொட்டாங்கச்சியை முன்பக்கம் தெருவைத் தாண்டிக் கற்குவியலுக்கு அருகில் வைத்தேன். பூனைகளும் அங்கே போய்விட்டன. பின்பக்கம் வெறிச்சென்று ஆனது.

ஐப்பசி மழையில் எனக்குக் கால் முறிந்தது. தெருமுனை அடிபம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பாசியில் கால் வழுக்கி, குடத்தோடு விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஒருபக்கமாகத் தொங்கியது. கத்தினேன். கணவர் ஷிஃப்டில். தெருவில் யாரும் இல்லை. எதிர் வீட்டில் கொத்தனார் வேலையும் மழையால் நின்றிருந்தது.

ஓடி வந்தவர் அந்தக் கார்டுதான். என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திரும்பி ஓடினார். போய்விட்டார் என்றே நினைத்தேன். அடுத்த நிமிடம் பெரிய தெருப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது. ரயில் விசில். நீளமாக, விடாமல். ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி பஸ் அந்தச் சத்தத்துக்கு நின்றது. பணியில் இருந்த காலத்து விசிலை அவர் வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம், அதை எடுக்கத்தான் ஓடியிருக்கிறார். டிரைவரும் அவருமாக ஒரு பலகையில் என்னைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவியை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் அவர் இறங்கிக்கொண்டார். இறங்குமுன் டிரைவரிடம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போனால் மேடுபள்ளம் குறைவு என்று சொன்னார். என் கணவரின் தொழிற்சாலைக்கு ஆள் சொல்லி அனுப்பியதும் அவரே.

முழங்கால்வரை மாவுக்கட்டோடு வீடு திரும்பினேன். காற்று வரட்டும் என்று கணவர் கட்டிலைப் பின்ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டார். காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு அவர் போய்விடுவார். பால்கார அக்கா வந்து கூட்டித் தெளித்து, என்னைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவார். கைம்மாறாக எதுவும் கேட்கவில்லை, நான் கொடுத்த புடவையையும் வாங்கவில்லை. "கால நல்லா வெச்சிகினு எழுந்து நில்லு, அப்பால பார்ப்போம்" என்பார். பூனைகளுக்கு யாரும் சோறு வைக்கவில்லை. கணவருக்கு நினைவிருந்தால் கொஞ்சம் போடுவார். தெரு அந்தப் பக்கம் என்பதால் அவை வந்தனவா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் கிடந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் அந்த அம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். நேர் எதிரே அவர்கள் ஜன்னல். ஜன்னலை ஒட்டியே கட்டில். கார்டு தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார். நரைத்த தலை, பெரிய குங்குமம், ஒருபக்கம் கொஞ்சம் இறங்கிய முகம். நான் கையை ஆட்டினேன். அவர் இடது கையைச் சற்றே தூக்கினார். பிறகு தரையைப் பார்த்தார், எங்கள் துவைக்கிற கல் இருக்கும் இடத்தை. மறுநாளும் அதையே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. எனக்குப் புரியவில்லை.

ஒரு முற்பகல் கார்டு வேலியைச் சுற்றிக்கொண்டு எங்கள் பின்ஜன்னலுக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கால் எப்படி இருக்கிறது, அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார். பிறகும் போகவில்லை.

"அந்தப் பூனையெல்லாம் எங்கேம்மா?" என்றார்.

இன்னொரு புகார் என்றுதான் நினைத்தேன். "இப்ப இந்தப் பக்கம் வாறதே இல்ல சார். சோறு வைக்கவும் ஆள் இல்ல" என்றேன்.

அவர் கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா. அவ தினமும் காலையில எங்க ஜன்னலையே பார்ப்பா. வெயில் அடிக்குதேன்னு சாத்தினேன், அழுதா. தண்ணி வேணுமான்னு கேட்டேன். போர்வை வேணுமான்னு கேட்டேன். திரும்பத் திரும்பக் கையை உங்க கல்லுப் பக்கம் காட்டினா. புடவை ஏதோ காத்துல விழுந்து கிடக்குன்னு வந்துகூடப் பார்த்தேன். சரியா சாப்பிடவும் மாட்டேங்கிறா. நேத்து உங்க மாடிக் கைப்பிடிச் சுவர்மேல அந்தச் சாம்பல் பூனை நடந்து போச்சு. அதைப் பார்த்துட்டு அவ சிரிச்சா. ஒருபக்கம்தான் சிரிக்க வருது. ஆனா சிரிச்சா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சோறு வைக்கிறதை அவ இத்தனை நாளும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கால் சரியாகட்டும், மறுபடி இங்கேயே வைக்கிறேன் என்றேன். அதுவரை எதற்கு, நானே வைக்கிறேன், என்ன வைக்க வேண்டும் என்று கேட்டார். தயிர் சாதம் போட்டால் தின்னுமா என்றார். பசித்தால் தின்னும், ஆனால் மீன் வாசனை இல்லாமல் இந்தப் பக்கமே தலைகாட்டாது என்றேன். சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

"நீங்க சைவம் சார்" என்றேன்.

"நான் சைவம். பூனை சைவமில்லையே" என்றார்.

மறுநாள் மீன்காரரின் சைக்கிள் முதன்முறையாக அவர்கள் வாசலில் நின்றது. மீன்காரர் மூன்று முறை வீட்டைச் சரிபார்த்துக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். கார்டு ஒரு பழைய அலுமினியச் சட்டியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் எடுத்துக்கொண்டு கொல்லையின் கடைக்கோடியில் உட்கார்ந்தார். மூக்கின்மேல் துண்டு கட்டியிருந்தார். நீளமான இடுக்கியால் மீனை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். நான் இங்கிருந்து சத்தம் போட்டுச் சொன்னேன்: முள் பெரிதாக இருந்தால் எடுத்துவிடுங்கள், உப்புப் போட வேண்டாம், ஆறிய பிறகு பிசையுங்கள். ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். கடைசியில் ஒரு குச்சியால் பிசைந்து, எங்கள் துவைக்கிற கல்லின் அடியில் கொண்டுவந்து வைத்தார். பிறகு போய்த் தலைக்குக் குளித்தார். ஐப்பசிக் குளிரில், கிணற்றுத் தண்ணீரில்.

பூனைகள் வரவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் காக்கைகள் தின்றன. மறுநாளும் காக்கைகள்தான்.

"எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். நான் நாக்கைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு அது வரவில்லை. வாயைக் குவித்தார், காற்றுதான் வந்தது. உள்ளே போய் விசிலை எடுத்து வந்தார். மெதுவாக, குழந்தை தூங்கும் வீட்டில் ஊதுவதுபோல், ஒரே ஒரு முறை ஊதினார். எதிர் ஜன்னலில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. எத்தனை வருடம் எத்தனை ஸ்டேஷனில் கேட்ட சத்தமோ.

முதலில் மஞ்சள் கடுவன் வந்தது, வெட்கம் கெட்ட ஜென்மம். அதன் பின்னால் மற்றவை. சாம்பல் பூனை, மற்றவை எல்லாம் தின்று முடித்தபின் கடைசியாக வந்து சட்டியை நக்கிவிட்டுப் போனது. பிறகு ஒரு நாளும் அவர் தவறவில்லை. வண்டி நேரம் போல அதே நேரத்துக்கு விசில் கேட்கும். பூனைகள் அதற்கு முன்பே வந்து கோரை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். என் கணவரும் கேன்டீனில் மீன் போட்ட நாளில் முள்ளையும் தலையையும் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து வேலிக்கு மேலே அவரிடம் நீட்டுவார். அவர் துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வாங்குவார். இரண்டு ஆண்களும் வேலி ஓரத்தில் நின்று பேசத் தொடங்கியது அப்படித்தான். என்ன பேசுவார்கள் என்று ஒருநாள் கேட்டேன். பிரேக்கைப் பற்றி என்றார் கணவர். ரயில் பிரேக்கும் லாரி பிரேக்கும்.

பூனை வரும் நேரத்துக்கு அந்த அம்மாவுக்கு ஊட்டுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். சட்டியை வைத்துவிட்டுக் குளித்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஊட்டுவார். பூனைகளைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா மெல்லுவார். பூனைகள் சண்டை போட்டால் தொண்டையில் ஒரு சத்தம் எழும். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நாள் ஆனது. நானும் அந்த நேரத்துக்குத்தான் சாப்பிட்டேன். ஒரே பந்தியில் உட்கார்ந்தாற்போல் இருக்கும்.

கட்டுப் பிரித்து நான் கோலூன்றி நடக்கத் தொடங்கிய சமயத்தில் சாம்பல் பூனையின் வயிறு பெரிதாகியிருந்தது. மார்கழியில் ஒருநாள் அதைக் காணவில்லை. பால்கார அக்கா கற்குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குட்டி போட்டிருக்கும், தேடாதீர்கள், மனுசர் கண் பட்டால் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடும் என்றார். கார்டு மட்டும் கவலைப்பட்டார். சட்டியில் ஒரு பங்கை எடுத்துக் கற்குவியல் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வருவார்.

பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

பெருமழை பிடித்துக்கொண்ட ஒரு பகல். பருவம் தப்பிய மழை. தெருவில் தண்ணீர் ஓடியது. கற்குவியலுக்குள்ளும் புகுந்திருக்க வேண்டும். சாம்பல் பூனை வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்து நின்றது. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது. நான் கதவைத் திறந்தேன். உடனே வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. பின்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மேலே மழைக்கு மறைப்பாகத் தளம் நீட்டியிருக்கும். அகலமான ஜன்னல் திட்டு, அதன்மேல் ஒரு தலையணை, தலையணைமேல் அந்த அம்மாவின் வலது கை. வீங்காமல் இருக்க அதை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார்களாம். பூனை ஜன்னலில் ஏறியது. கம்பிக்குள் நுழைந்தது. குட்டியை அந்தக் கைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துவிட்டு மழையில் குதித்து ஓடியது. திரும்பி வந்தது. இன்னொன்று. மறுபடி இன்னொன்று.

எங்கள் யாரையும் கிட்டத்தில் சேர்க்காத பூனை அது. சோறு போட்ட என்னை நம்பவில்லை. விசில் ஊதிய அவரை நம்பவில்லை. அசையாத அந்தக் கையை நம்பியது. அந்தக் கை தன்னைப் பிடிக்காது, துரத்தாது, தூக்காது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கடைசிக் குட்டியை வைத்துவிட்டுத் தானும் சுருண்டு, நனைந்த முதுகை அந்த உள்ளங்கையில் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

அந்த அம்மா மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை, அப்படி இருந்தார். கார்டு ஊட்டுகிற கிண்ணத்தோடு அறைக்குள் வந்தார். அந்த அம்மா கணவரைப் பார்த்து இடது கையைத் தூக்கி, நில் என்பதுபோல் காட்டினார். அவரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எத்தனை நேரம் நின்றாரோ. மழைக்கு நடுவே நான் இங்கிருந்து பார்க்கும்போது அவர் தோள்கள் குலுங்கியதுபோல் இருந்தது.

குட்டிகள் கண் திறந்ததும், தவழ்ந்ததும், ஜன்னல் கம்பியில் ஏறி விழுந்ததும் எல்லாம் அந்தத் திட்டில்தான். பழைய போர்வை ஒன்றை விரித்துக் கொடுத்திருந்தார். பூனை முடி ஆகாது என்று சொன்ன வீட்டில் போர்வை முழுக்கப் பூனை முடி. குட்டிகளுக்குத் தாய்க்கு இருந்த பயம் இல்லை. அந்த அம்மாவின் இடது கைவிரல்களோடு விளையாடும். கீறிவிடும். அவர் அந்தக் கீறலை எனக்குத் தூக்கிக் காட்டுவார், வளையல் காட்டுவதுபோல. கொஞ்சம் நன்றாக நடக்க ஆரம்பித்ததும் நான் தினமும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். அவருக்குத் தலைவாரிப் பின்னிவிடுவேன். அவர் பேசமாட்டார், நான் பேசுவேன். தூத்துக்குடியை, எங்கள் அம்மாவை, கடலில் வலை இழுப்பதை, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. கார்டு அடுத்த அறையில் பேப்பர் படிப்பதுபோல் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் என் கணவரிடம் வேலியோரத்தில், "உங்க ஊர்ல சுறாவுல புட்டு செய்வாங்களாமே" என்று கேட்டாராம்.

குட்டிகள் வளர்ந்ததும் இரண்டைப் பால்கார அக்கா எடுத்துக்கொண்டு போனார். "இந்தத் தபா கோணில கட்ட மாட்டேன், மடிலயே வெச்சிகினு போறேன்" என்றார். பழகிய குட்டிகள், நின்றுவிடும் என்று நம்பினார். ஒன்று கார்டு வீட்டோடு தங்கியது.

அடுத்த கோடையில் அந்த அம்மா இறந்துபோனார். இரண்டாம் முறை வந்த வாதம். அதிகம் சிரமப்படவில்லை. காலையில் வந்தது, மதியம் முடிந்துவிட்டது. திருச்சியிலிருந்து மகளும் மருமகனும் வந்தார்கள். அந்த வீட்டில் அத்தனை ஆட்களைப் பார்த்ததே இல்லை. பூனைகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து, உறவினர் எல்லாம் போனபின் ஒருநாள், வழக்கமான நேரத்துக்கு விசில் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் சட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "அதுங்களுக்குப் பசிக்குமேம்மா" என்றார்.

அந்த வருடம் முழுக்க அவர் தனியாகவே இருந்தார். மதியச் சாப்பாடு நான் கொடுத்தனுப்புவேன். அவருக்கென்று தனிப் பாத்திரம் வாங்கி வைத்துக்கொண்டேன். சாம்பார், ரசம், ஒரு கறி. வெங்காய சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தரும்போது ஒரு நாளும் நன்றி சொல்லாமல் இருந்ததில்லை. நான்தான் சொல்ல வேண்டும், அந்த மழை நாளில் பஸ்ஸை நிறுத்தியவருக்கு. சொல்ல ஆரம்பித்தாலே பேச்சை மாற்றிவிடுவார். பிறகு மகள் பிடிவாதமாக வந்து அழைத்தார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பூனைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வழியனுப்ப நாங்கள் செங்கல்பட்டு ஸ்டேஷன்வரை போனோம். பெட்டியில் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்:

"வேலையில இருந்த வரைக்கும் நான் அவகூட இருந்ததே குறைச்சல்மா. பாதி நாள் வண்டியிலதான். கடைசியில ரெண்டு பேருமா சேர்ந்து உட்கார்ந்து ஒண்ணைப் பார்த்தோம்னா, அது உங்க பூனைங்களைத்தான்."

பால்கார அக்கா என் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினார். அவர் எதற்கு ஸ்டேஷனுக்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவரை ஒருமுறை பார்த்தேன். எங்கள் மகள் பிறந்து சில மாதங்களில் அவரும் அவர் மகளும் வந்தார்கள். குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். சாப்பிட்டபின், பால்கார அம்மா வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரயில் பாதையைத் தாண்டி எல்லாரும் நடந்து போனோம். குழந்தையை என் கணவர் தூக்கிக்கொண்டார். அக்கா எங்களைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டு, மோர் கரைத்துக்கொண்டு வந்தார். கொண்டுபோன குட்டிகள் இரண்டும் அங்கேயே நின்றுவிட்டிருந்தன. ஒன்று கூரைமேல் படுத்திருந்தது. இன்னொன்றுக்கு இப்போது சொந்தமாகக் குட்டிகள், எருமைக் கொட்டகையில் வைக்கோலுக்குள். கார்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் குனிந்து பார்த்தார். அது அவரைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"என்னைக் கண்டுக்கவே இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

"இன்னா சார், உன்ன கண்டுகினு ஓடியிருந்தாதான் தப்பு. பயமில்லாம படுத்துகினு கீது பாரு" என்றார் அக்கா.

அவர் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வந்த அவர் மகளும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கடைசி நாட்களில் எப்படி இருந்தார் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். தூரத்தில் இருந்துவிட்டோம், ஒன்றும் தெரியாது என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். சாப்பிட்டதை, சிரித்ததை, கையில் விழுந்த கீறலை எனக்குத் தூக்கிக் காட்டியதை. பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.